பால்குடத்தில் முதல் பரிசு கிடையாது

பொங்கல் விளையாட்டுப் போட்டிக்குப் பரிசுத் தொகையைக் கூட்டினால் பெரிய பிள்ளைகள் ஓட வருவார்கள் என்று எங்கள் கோயில் கமிட்டியில் ஒரு பேச்சு. பேச்சு என்ன, ஏறக்குறைய முடிவே ஆகிவிட்டது. வருஷா வருஷம் நடப்பதைப் பார்த்தவர்களுக்கு அதில் நியாயம் இருப்பது போலத்தான் தெரியும். ஆறு, ஏழு வயதுப் பொடிசுகளின் ஓட்டத்துக்குக் கோடு கொள்ளாத கூட்டம் நிற்கும். பெயர் கொடுக்காததுகளும் நடுவில் புகுந்து ஓடும். பத்து வயதுக்கு மேல் கூட்டம் மெலியும். பன்னிரண்டு, பதின்மூன்றில் பெண் பிள்ளைகள் காணாமல் போவார்கள். அவர்களுக்குப் பின்னால் குண்டான பையன்கள், அப்புறம் நோஞ்சான் பையன்கள். பதினைந்து வயதுப் பிரிவில் கடைசியாகக் கோட்டில் நிற்பது யார் என்று பார்த்தால், போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் ஜெயித்த அதே முகங்கள்தான். மற்றவர்கள் மைதானத்துச் சுவரில் வரிசையாக உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருப்பார்கள்.

“இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உடம்பு வளையவில்லை. எந்நேரமும் போன்” என்பது பெரியவர்களின் தீர்ப்பு. எவர்சில்வர் டிபன் கேரியர் கொடுத்தால் இந்தத் தலைமுறை எழுந்திருக்காது, ரொக்கமாகக் கொடுத்துப் பார்ப்போம் என்பது அதற்கான வைத்தியம். கொடையாளிகளும் தயாராக இருக்கிறார்கள்.

எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. ரங்கூனில் வீட்டோடு டியூஷன் நடத்திப் பிழைக்கிறவள் நான். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் தமிழ் வகுப்பும் எடுக்கிறேன். அந்தச் சுவரில் உட்கார்ந்திருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் என்னிடம் படிக்கிறவர்கள். அவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காரணம், பங்குனி உத்திரம். பொங்கலுக்கு வெயில் இதமாக இருக்கும். பங்குனியில் இங்கே தார் ரோடு எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அந்த ரோட்டில், மஞ்சள் துணி கட்டிக்கொண்டு, செருப்பில்லாமல், தலையில் பால்குடத்தோடு இதே பிள்ளைகள் நடக்கிறார்கள். மேளம் வேகம் பிடித்தால் அவர்களும் வேகம் பிடிக்கிறார்கள். வழியில் யாரோ ஒரு வாளித் தண்ணீரைக் காலில் ஊற்றுவார்கள், அவ்வளவுதான் சலுகை. நூறு மீட்டர் ஓட மூச்சு வாங்குகிறது என்று சொல்லி ஒதுங்கிய ஒரு பெண், கோயில் வாசல் வரைக்கும் குடத்தை இறக்காமல் நடந்துவிட்டு, மறுநாள் டியூஷனில் பாதத்துக் கொப்புளத்தைத் தோழிகளுக்குக் காட்டிப் பெருமையடித்துக்கொண்டிருந்தாள். ஒரே உடம்பு, ஒரே கால். ஜனவரியில் வராத தெம்பு ஏப்ரலில் எங்கிருந்து வருகிறது?

பக்தி என்று சொல்லிவிடலாம். அது உண்மைதான், ஆனால் முழுக் காரணம் ஆகாது. பால்குடத்தில் யார் முதலில் வந்தது என்று யாரும் கேட்பதில்லை. கடைசியாக வருகிற குழந்தையின் பாலும் அதே அபிஷேகத்துக்குத்தான் போகிறது. நின்று, மூச்சு வாங்கி, அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாலும் அது நேர்த்திக்கடன்தான். சுற்றிலும் நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர்கூடத் தரம் பிரித்துப் பார்ப்பதில்லை. இதை நான் கமிட்டியில் சொன்னபோது, “சாமி காரியத்தையும் விளையாட்டையும் ஒண்ணாப் பேசாதீங்க டீச்சர்” என்றார்கள். சரி, சாமியை விட்டுவிட்டே பேசுவோம்.

போன் வருவதற்கு முன்

ஐந்திலிருந்து பதினேழு வயது வரை உள்ள பிள்ளைகள் தினமும் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்க உடம்பை அசைக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 2019 நவம்பரில் அந்த நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 146 நாடுகளில் பள்ளிக்கூடம் போகும் 16 லட்சம் பிள்ளைகளின் தகவலை வைத்து ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். 11 முதல் 17 வயதில் இருப்பவர்களில் 81 சதவீதம் பேர் அந்த ஒரு மணி நேரத்தை எட்டவில்லை. பெண்களில் 85, ஆண்களில் 78. ஆக, எங்கள் சுவர் உலகம் பூராவும் நீண்டு கிடக்கிறது. பணக்கார நாடு, ஏழை நாடு என்ற வித்தியாசம்கூடப் பெரிதாக இல்லை.

அந்த அறிக்கையில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. 2001-இல் இருந்து 2016 வரை கணக்கைப் பின்னோக்கிப் பார்த்திருக்கிறார்கள். பையன்கள் 80-இல் இருந்து 78-க்கு வந்து, ஓரளவு தேறியிருக்கிறார்கள். பெண்கள் அப்போதும் 85, இப்போதும் 85. நடுவில்தான் உலகமெங்கும் கைக்குக் கை ஸ்மார்ட்போன் வந்தது. எல்லாக் குற்றமும் போனுடையது என்றால் 2001-இல் அந்தப் பெண்கள் எதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்? நம் ஊர்க் கதை இன்னும் தெளிவு. 2014-இல் வெளிநாட்டுக் கம்பெனிகள் வந்து 1500 கியாட்டுக்கு சிம் விற்கும் வரைக்கும் சிம் கார்டு என்பது நகை மாதிரிப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிற பொருள். அதற்கு வெகு முன்னாலேயே அந்தச் சுவரில் பெண்கள் உட்கார்ந்திருந்தோம். என் இடம் வேப்பமரத்து நிழல் பக்கம்.

போனுக்குப் பங்கே இல்லை என்று சொல்லவில்லை. டியூஷனில் மேஜைக்கு அடியில் என்ன நடக்கிறது என்பது எனக்குத் தெரியும். மைதானத்தை விட்டு வருகிறவர்களை அது அன்பாக உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துக்கொள்கிறது. ஆனால் அவர்கள் ஏன் மைதானத்தை விட்டு வந்தார்கள் என்பது தனிக் கேள்வி. அதற்குப் பதில் பிள்ளைகளின் மனசுக்குள் இருக்கிறது. தன்னால் முடியும் என்று ஒரு குழந்தை நினைக்கிறதா, பார்க்கிறவர்கள் தன்னை என்ன நினைப்பார்கள் என்று நினைக்கிறது, இதைச் செய்வது தன் இஷ்டமா அடுத்தவர் இஷ்டமா: இந்த மூன்றையும்தான் மனவியல் துறையில் இருப்பவர்கள் திரும்பத் திரும்பத் தோண்டிப் பார்க்கிறார்கள்.

பரிசு விஷயத்தையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. 1973-இல் அமெரிக்காவில் ஒரு மழலையர் பள்ளியில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர் செய்த சோதனை இது. படம் வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு சாராரிடம், வரைந்தால் தங்க நட்சத்திரம் ஒட்டி சிவப்பு ரிப்பன் வைத்த சான்றிதழ் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு சாராருக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். மூன்றாவது சாராருக்கு ஒன்றும் இல்லை. ஓரிரு வாரம் கழித்து வகுப்பில் சும்மா பேனாவைப் போட்டு வைத்துவிட்டுப் பார்த்தால், பரிசு என்று சொல்லி வரைய வைத்த பிள்ளைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் பாதிதான் வரைந்தார்கள். எதிர்பாராமல் கிடைத்த பரிசு கெடுதல் செய்யவில்லை. ‘இதற்காகத்தான் இதைச் செய்கிறாய்’ என்று முன்னாலேயே சொல்லிவிடுவதில்தான் கோளாறு இருக்கிறது.

இதை வைத்துப் பரிசே கூடாது என்று நான் வாதாடப் போவதில்லை. ஏற்கெனவே ஆசை இருக்கிற பிள்ளைகளை வைத்துச் செய்த சோதனை அது. ஆசையே இல்லாதவரை முதல் நாள் வரவழைக்கப் பரிசு உதவலாம். ஆனால் எங்கள் போட்டியில் ரொக்கம் யாருக்குப் போகும்? தோற்போம் என்று தெரிந்து சுவரில் இருப்பவருக்கு, பரிசு ஐயாயிரமாக இருந்தால் என்ன, ஐம்பதாயிரமாக இருந்தால் என்ன? ஏற்கெனவே ஜெயிக்கிற நான்கு பேருக்குப் போகும். அவர்கள் காசு இல்லாமலே ஓடிக்கொண்டிருந்தவர்கள்.

மைக்

இந்த விஷயம் எனக்கு முள்ளாகக் குத்த ஆரம்பித்தது என் அக்காள் மகளால். எட்டு வயதில் அவளும் இதே மைதானத்தில் ஓடினாள். கடைசியாகத்தான் வந்தாள். வந்த வேகத்தில் நேரே என் மடியில் வந்து விழுந்து, “எவ்வளவு ஃபாஸ்ட்டா ஓடினேன் பார்த்தீங்களா சித்தி?” என்றாள். தான் கடைசி என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. வேர்த்திருந்தது, காற்று காதில் அடித்தது, ஆகவே வேகமாக ஓடியிருக்கிறாள். அவள் கணக்கு அவ்வளவுதான்.

பன்னிரண்டு முடிந்த பொங்கலுக்கும் பெயர் கொடுத்தாள். அந்த ஒரு வருஷத்தில் மளமளவென்று வளர்ந்திருந்தாள். கோட்டில் நிற்கும்போதே கவனித்தேன்: டிஷர்ட்டின் முன்பக்கத்தை இரண்டு விரலால் பிடித்து உடம்பில் ஒட்டாமல் முன்னால் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். விசில் அடித்த நேரத்தில் அவள் கை டிஷர்ட்டில் இருந்தது. மற்றவர்கள் கிளம்பிவிட்டார்கள். ஓடும்போதும் ஒரு கை நெஞ்சுக்குக் குறுக்கே. பாதி தூரத்தில் அவளுக்கும் முன்னால் போனவர்களுக்கும் நடுவில் நிறைய இடம் விழுந்துவிட்டது. அப்போதுதான் மைக் பேசியது. “கடைசியா வர்றது நம்ம அன்னநடை ராணி! மெதுவா வாம்மா, பொங்கல் ஒண்ணும் ஆறிடாது!”

மைதானமே சிரித்தது. நல்ல நகைச்சுவைதான், யார் எழுதிக் கொடுத்தும் வந்ததில்லை. அவளும் சிரித்தாள். அதைத்தான் நான் மறக்கவில்லை. சிரித்துக்கொண்டே ஓட்டத்தை நடையாக மாற்றினாள். நானும் விளையாட்டுக்குத்தான் ஓடினேன் என்று எல்லோருக்கும் காட்டுகிற மாதிரி இடுப்பை ஆட்டி, கையை வீசி, அந்தப் பட்டப்பெயரைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தாள். வீட்டில் கேட்டதற்கு, “ஜாலியாத்தான் சித்தி இருந்துச்சு” என்றாள். அதற்கப்புறம் பள்ளியில் விளையாட்டு நேரம் வந்தால் வயிற்றுவலி. சந்தில் பக்கத்து வீட்டுப் பர்மியப் பெண்களோடு ரப்பர் கயிறு தாண்டுவாள், அதுவும் நின்றது. கேட்டால் ஒரே பதில்: “எனக்கு ஓடல்லாம் வராது.” ஓடப் பிடிக்காது என்று அவள் சொல்லவில்லை.

எட்டு வயதுக்கும் பன்னிரண்டு வயதுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று தேடியபோது ஜான் நிக்கோல்ஸ் என்ற மனவியலாளரின் வேலை கண்ணில் பட்டது. 1970-களின் இறுதியில் அவர் காட்டியது இது: சின்னக் குழந்தைகளுக்கு முயற்சியும் திறமையும் ஒன்றுதான். கஷ்டப்பட்டுச் செய்தால் கெட்டிக்காரன்; அவ்வளவே. ஏறக்குறைய பதினொன்று, பன்னிரண்டு வயதில்தான் இரண்டையும் முழுதாகப் பிரித்துப் பார்க்கத் தெரிகிறது. அப்போது புதிதாக ஒரு பயங்கரமும் புரிகிறது: நான் முழு மூச்சாக முயன்று கடைசியாக வந்தால், எனக்குத் திறமையே இல்லை என்று ஊருக்கு நிரூபணம் ஆகிவிடும். முயலாமல் கடைசியாக வந்தால் அந்த நிரூபணத்திலிருந்து தப்பிக்கலாம். என் அக்காள் மகள் நடையாக மாற்றினாளே, அது சோம்பல் இல்லை. அந்த வயதுக்கு அது புத்திசாலித்தனமான தற்காப்பு. இந்தக் கண் திறக்கிற வருஷமும், உடம்பு மாறி, பார்ப்பவர் கண் எல்லாம் தன் மேல்தான் என்று தோன்றுகிற வருஷமும் சேர்ந்தே வருகின்றன. நாமோ அதே வருஷத்தில்தான் மைக்கையும் ஸ்டாப் வாட்சையும் கையில் எடுக்கிறோம்.

ஒருவருக்குத் தன்னால் முடியும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஆல்பர்ட் பண்டூரா என்ற மனவியலாளர் 1977-இல் நான்கு ஊற்றுகளைச் சொன்னார். தானே செய்து பார்த்து ஜெயித்த அனுபவம். தன்னைப் போன்ற இன்னொருவர் செய்வதைப் பார்ப்பது. பிறர் சொல்லும் சொல். தன் உடம்பு காட்டும் அறிகுறிகளை எப்படிப் புரிந்துகொள்கிறோம் என்பது. அந்த நூறு மீட்டரை இதில் பொருத்திப் பார்த்தேன். அவள் சொந்த அனுபவம் முடியாது என்றது. அவளைப் போன்ற தோழிகள் சுவரில் இருந்தார்கள். சொல், மைக்கில் வந்தது. நெஞ்சு படபடத்ததை ஓட்டத்தின் படபடப்பு என்று எடுத்துக்கொள்ளும் நிலையில் அவள் இல்லை. அரை நிமிஷ வேலையில் நான்கும் அடைபட்டுவிட்டன.

ஆறு பேர், ஒரு பந்து

எங்கள் சந்துமுனை டீக்கடைக்குப் பக்கத்தில் காலி இடம் ஒன்று உண்டு. வெயில் தாழ்ந்ததும் பையன்கள் கைலியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு சின்லோன் என்ற பர்மியப் பந்தாட்டம் ஆட வந்துவிடுவார்கள். பிரம்புப் பந்து காலில் படும் ‘டக், டக்’ சத்தம் என் டியூஷன் அறை வரை கேட்கும். அல்ஜிப்ரா பாதியில் தலைகள் ஜன்னல் பக்கம் திரும்பும். பொங்கல் போட்டிச் சுவரில் நிரந்தர இடம் பிடித்திருக்கும் ஒரு குண்டுப் பையன் என்னிடம் படிக்கிறான். ஓட்டம் என்றால் காத தூரம் போவான். அவனை அந்த வட்டத்தில் பார்த்த அன்று அசந்துபோனேன். முழங்காலில் பந்தை வாங்கி, இறக்கி, உள்ளங்காலைப் பின்னால் மடக்கித் தட்டி, எதிரில் நிற்பவனுக்கு வாகாகக் கொடுக்கிறான். டிஷர்ட் முதுகோடு ஒட்டியிருக்கிறது, அவன் அதை இழுத்துவிடவில்லை.

சின்லோனைப் பற்றி இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எதிரணி கிடையாது, கோல் கிடையாது. ஆறு பேரும் ஒரே பக்கம். ஒருவர் நடுவில் நின்று வித்தை காட்டுவார். சுற்றியிருக்கும் ஐந்து பேருக்கும் அவர் காலுக்கு நல்ல பந்தாகக் கொடுப்பதே வேலை. பந்து விழுந்தால் விழுந்தது. யாராவது கால் கட்டை விரலால் கோதி எடுத்து மறுபடி ஆரம்பிப்பார்கள். மண்டலேயில் பர்மிய வாசோ மாதத்தில் மகாமுனி பகோடா சின்லோன் விழாவில் இதைப் பார்க்க ஜனம் அலைமோதும். அங்கேயும் ஒருவரை ஒருவர் தோற்கடிக்கும் பேச்சு இல்லை. 2013-இல் நம் நாட்டில் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டி நடந்தபோது இதையும் சேர்த்தார்கள். பதக்கம் கொடுக்க வேண்டுமே, ஆகவே புள்ளி விதிகள் வந்தன. பதக்கங்களும் நமக்கு நிறையவே கிடைத்தன. சந்துமுனைக்கு மட்டும் அந்த விதிகள் வந்து சேரவில்லை. நல்லவேளை.

டெசி, ரையன் என்று இரண்டு மனவியலாளர்கள். மனிதர் ஒரு காரியத்தைத் தானாக விரும்பிச் செய்ய மூன்று தேவைகள் நிறைவேற வேண்டும் என்று பல பத்தாண்டுகளாக எழுதி வருகிறவர்கள். இது என் இஷ்டம் என்ற உணர்வு, எனக்கு இது கைவருகிறது என்ற உணர்வு, நான் இவர்களில் ஒருவன் என்ற உணர்வு. அந்த வட்டத்தில் மூன்றும் இலவசமாகக் கிடைக்கின்றன. இஷ்டப்பட்டால் வரலாம், டீ குடிக்கப் போய்விடலாம். நேற்று வராத அடி இன்று வருகிறது என்பதை ஆடுகிறவன் தன் காலிலேயே உணர்கிறான். அவனுக்கு வாகான பந்து கொடுப்பதற்கென்றே ஐந்து பேர் நிற்கிறார்கள்.

வட்டத்தைச் சொர்க்கமாக்கிச் சொல்ல மாட்டேன். அங்கே கிண்டல் உண்டு. கிண்டல் இல்லாத சந்து இந்த ஊரில் ஏது? ரொம்பவே ஆட வராதவனை வெளியே நிற்க வைத்துவிட்டுக் கெட்டிக்காரர்கள் ஆடும் நாளும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தச் சந்தில் பெண் பிள்ளைகள் கிடையாது. தனி ஆளாகச் சுழன்று ஆடும் சின்லோனில் பெண்கள்தான் பேர் பெற்றவர்கள். ஆனால் அது மேடை வித்தை. சாயங்காலம் சந்தில் கால் தூக்கிப் பந்தடிக்கும் பதினான்கு வயதுத் தமிழ்ப் பெண்ணை நீங்கள் பார்த்திருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

அந்தப் பெண்களுக்குத் தடை பல பக்கம். மேல் வகுப்புக்குப் போனதும் சீருடைப் பாவாடை போய்ப் பச்சைத் தமெய்ன், அதாவது பர்மியப் பெண்கள் கணுக்கால் வரை சுற்றிக் கட்டும் கைலி, வருகிறது. பையன் கைலியைத் தார்ப்பாய்ச்சலாம், இவள் என்ன செய்வாள்? மாதத்தில் சில நாள் அவள் உட்கார்ந்தே இருக்க விரும்புகிறாள், காரணத்தைச் சொல்ல விளையாட்டு ஆசிரியர் ஆணாக இருக்கிறார். வீட்டில் “வெயில்ல கறுத்துப் போகாதே” என்று தனக்கா மரப்பட்டைச் சாந்தை முகத்தில் பூசி அனுப்புகிற அம்மா. ராணுவம் ஆட்சியைப் பிடித்த 2021-க்குப் பிறகு விளக்கு வைப்பதற்குள் எல்லாப் பிள்ளையும் வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்ற பயம். அதில் யாரையும் குறை சொல்ல முடியாது, நானும் அதே பயத்தில்தான் டியூஷனைச் சீக்கிரம் முடிக்கிறேன். பொங்கல் முடிந்தால் பரீட்சை நெருங்கிவிடும், ஓடுகிற நேரத்தில் நான்கு கணக்குப் போடலாமே என்று அப்பா. இத்தனையையும் தாண்டி உடம்பை அசைக்கிற பெண்கள் யார் என்று என் வகுப்புகளில் எண்ணிப் பார்த்தால், வீட்டில் கூட ஒருவர் அசைகிறவர்களாக இருக்கிறார்கள். ஒரு பெண்ணை அவள் அப்பா காலையில் கண்டோஜி ஏரியைச் சுற்றி நடக்க அழைத்துப் போகிறார். “போய் விளையாடு” என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லையாம். வழியில் மீன் குழம்பு ஊற்றிய மோஹிங்கா நூடுல்ஸ் வாங்கித் தருவாராம், அதற்காகத்தான் போகிறேன் என்கிறாள். வாங்கித் தராத நாளிலும் போகிறாள்.

மைக் மாமாவிடம் பேசினேன்

அன்று மைக்கில் பேசியவரை மாமா என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறோம். ஊரில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் வந்து நிற்பவர். தீமிதியில் கூட்டத்தை ஒழுங்குபடுத்த அவர் குரலை விட்டால் ஆள் இல்லை. அவரிடம் சண்டை போட நான் போகவில்லை. அடுத்த பொங்கலுக்குப் பன்னிரண்டு வயதுக்கு மேல் ஓட்டங்களில் மட்டும் மைக்கை அணைத்து வைக்கலாமா என்று கேட்டேன். முகம் சுருங்கிவிட்டது. “நான் சிரிக்க வைக்கத்தானேம்மா சொன்னேன். எங்க காலத்துல எங்களை நொண்டி, முடவன்னு எல்லாம் கூப்பிட்டாங்க. ரோஷத்துல ஓடினோம்.”

அவர் சொல்வது பொய்யில்லை. ரோஷத்தில் ஓடியவர்கள் உண்டு. மாமாவே ஒரு காலத்தில் வட்டாரத்தில் நல்ல பந்தாட்டக்காரர். தன்னால் முடியும் என்று உள்ளுக்குள் தெரிந்தவனுக்குக் கேலி ரோஷமாக மாறுகிறது. அது தெரியாதவனுக்கு அதே கேலி ஊர்ஜிதமாகப் போய்ச் சேருகிறது. “உங்களோட சேர்ந்து கேலி கேட்டவங்கள்ல ஓடாமப் போனவங்களை உங்களுக்கு ஞாபகம் இருக்கா மாமா?” என்று கேட்டேன். யோசித்தார். இரண்டு மூன்று பெயர் சொன்னார். அதில் ஒருவர் இன்று சர்க்கரை வியாதிக்கு ஊசி போட்டுக்கொள்கிறவர். அதற்கும் இதற்கும் முடிச்சுப் போடாதே என்று அவரே உடனே சொன்னார். போடவில்லை.

கடைசியில் பாதி வெற்றி. மைக்கை அணைக்க மாட்டார். கொடையாளி பெயரை வாசித்தாக வேண்டும், அதில் கமிட்டியே கறார். ஆனால் ஓடும்போது பேச மாட்டேன் என்று ஒத்துக்கொண்டார். பெரிய பிள்ளைகளுக்கு ஓட்டத்தோடு கிளித்தட்டும் சேர்க்கலாம் என்று நான் சொன்னதை அவர்தான் கமிட்டியில் எடுத்துப் பேசினார். பர்மியப் பிள்ளைகள் தொக்சீதோ என்று கோடு போட்டு ஆடுவது ஏறக்குறைய அதே ஆட்டம்தான் என்பதால் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கோட்டைக் காக்கிறவருக்கு நூறு மீட்டர் வேகம் வேண்டாம். கையை விரித்துக்கொண்டு, எதிரியின் இடுப்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்கத் தெரிந்தால் போதும். அணியாக ஆடுவதால் கடைசி என்று ஓர் ஆளைப் பிரித்துக் காட்டவும் முடியாது.

ஒன்றில் மட்டும் இன்னும் இழுபறி. என் வகுப்புப் பெண்கள் கேட்டது, பழகும்போது மைதானத்துக் கதவைச் சாத்த வேண்டும், பார்க்க ஆள் கூடாது என்பது. கமிட்டியில் இதற்கு இரண்டு பக்கமும் எதிர்ப்பு. பெரியவர்களுக்குக் கோயில் கதவைச் சாத்துவது ஆகாது. இளைஞர்களுக்கு, ஆண் பெண் என்று பிரிப்பது பழைய பஞ்சாங்கம். இளைஞர்கள் சொல்வது கொள்கையளவில் எனக்கும் பிடிக்கும். ஆனாலும் நான் கதவைச் சாத்துகிற பக்கம். அமெரிக்காவில் தெற்குக் கரோலினாவில் 24 உயர்நிலைப் பள்ளிகளை வைத்து ஒரு பெரிய சோதனை நடந்தது. 2005-இல் முடிவு வந்தது. பாதிப் பள்ளிகளில் பெண்களுக்குத் தனி வகுப்பு, எந்த ஆட்டம் என்று தேர்ந்தெடுக்கும் உரிமை, போட்டியைக் குறைத்துச் சேர்ந்து ஆடுவது என்று மாற்றினார்கள். அங்கே கடுமையாக உடம்பை அசைக்கும் பெண்கள் 45 சதவீதம். மாற்றாத பள்ளிகளில் 36. மலையைப் புரட்டிய வித்தியாசம் இல்லை. பரிசுத் தொகையைக் கூட்டாமலே வந்த வித்தியாசம். ஆட்டம் பிடித்துப்போனதுதான் அதற்கு ஒரு வழியாக இருந்தது என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் எழுதினார்கள்.

கமிட்டி முடிவு செய்யும் வரை, ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்ததும் பின்பக்க ஹாலில் அரை மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு ஆடுகிறோம். என்ன ஆட்டம் என்பதை அவர்களே முடிவு செய்கிறார்கள். பாதி நாள் ரப்பர் கயிறு, சில நாள் வெறும் கூச்சல். அக்காள் மகள் சில வாரம் வருகிறாள், சில வாரம் வயிற்றுவலி. நான் காரணம் கேட்பதில்லை. உங்கள் வீட்டுப் பெண்ணை அனுப்புவதானால் தமெய்னுக்கு உள்ளே போட ஒரு முக்கால் பேன்ட்டும், மாற்றிக்கொள்ள இன்னொரு சட்டையும் கொடுத்து அனுப்புங்கள். ஹாலில் ஃபேன் ஒன்றுதான்.